ஊதுகாற்று எஞ்சினுக்கு நான் தேர்ந்தெடுத்த கேம்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் இனி எண்ணெய் எஞ்சின்களோடுதான் காலம் தள்ளப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்த வேலையை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. விட்டபோது எனக்கு வயது இருபத்தாறு. இப்போது பெண்கள் பள்ளியில் கணக்கும் வரைபடமும் கற்பிக்கிறேன். உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தரச் சொல்லிப் பட்டறைத் தலைவர் கேட்டார். விளக்கை எப்படிப் பற்றவைப்பது, எண்ணெயை எதில் வடிகட்டுவது என்பதையெல்லாம் எஞ்சினோடு வந்த புத்தகமே சொல்லும். அதில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். நான் ஒரு கேமைத் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். அதற்காக இன்னொருவர் வேலை போக இருந்தது.

கேம் என்றால் என்ன என்று உங்களில் கடைசியாகச் சேர்ந்தவருக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம். எஞ்சினின் பக்கவாட்டில் சுழலும் தண்டில், ஒரு பக்கம் புடைத்த இரும்புத் தட்டுகள் மாட்டியிருக்கும். புடைப்பு மேலே வரும்போது வால்வு திறக்கும், கடந்து போனதும் மூடும். காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. எந்தக் கதவு எப்போது திறந்து எத்தனை நேரம் திறந்திருக்கும் என்பதைப் புடைப்பின் வடிவம்தான் தீர்மானிக்கிறது. அந்த வடிவத்தைத் துத்தநாகத் தகட்டில் வரைந்து கொடுப்பது என் வேலை. வரைந்தபடி அராவி எடுப்பார்கள். பெண் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று ஆரம்பத்தில் சிலர் கேட்டார்கள். முதல் தகடு சரியாகப் பொருந்திய பிறகு கேட்கவில்லை. அதற்குப் பிறகு அதிகமாகவே நம்பினார்கள். அந்தக் கேள்வியைவிட இந்த நம்பிக்கைதான் ஆபத்து.

அந்தத் தவறு நடந்த அரிசி மில் ஆரணியில் பட்டு நெசவுத் தெரு ஒன்றின் கடைசியில் இருந்தது. எஞ்சினை ஆரணி ரோடு ஸ்டேஷனில் இறக்கி, எட்டு மாடு பூட்டிய வண்டியில் கொண்டுவந்தார்கள். சுற்றுவட்டத்தில் அதுதான் முதல் எண்ணெய் எஞ்சின். நெல் குத்தும் ஹல்லர் இயந்திரங்கள் இரண்டில் ஒன்றை நன்றாக இழுத்தது. ஆனால் முதலாளிக்கு நேரம் போதவில்லை. காரணம், தெருவில் காலை வேளையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏறப்போகும் நீளமான பட்டு இழைகளைத் தெரு முழுக்க இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவிடுவார்கள். ஈர இழையில் உமித்தூசி விழுந்தால் அந்தப் பாவு வீண். அதனால் பாவு காய்ந்து சுருட்டும்வரை, அதாவது பத்து மணிவரை, நெல் குத்தக் கூடாது என்று தெருவாரும் முதலாளியும் பேசி முடித்திருந்தார்கள். இருட்டுவதற்குள் வேலை முடிய வேண்டும். மீதி இருக்கும் பொழுதில் இரண்டு ஹல்லரும் சேர்ந்து ஓடினால்தான் வரும் நெல் தீரும். எஞ்சினுக்கு அந்த வலு இல்லை.

முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. உமியை ஊதித் தள்ளுவதற்காக வாங்கிய பெரிய விசிறி ஒன்று கூடுதலாகக் கிடந்தது. அதன் காற்றைத் தகரக் குழாய் வழியாக எஞ்சினின் வாயில் திருப்பிவிட்டால் என்ன?

"அடுப்ப ஊதினா நல்லா எரியுதா இல்லியா?" என்று என்னைக் கேட்டார். "இது மட்டும் இன்னா, மேலோகத்து அடுப்பா?"

யோசனை தவறில்லை. எஞ்சின் தானாக உறிஞ்சும் காற்றைவிட அதிகக் காற்றை உள்ளே அழுத்தினால், அதிக எண்ணெய் எரியும், அதிக வலு வரும். விசிறியைச் சுற்ற எஞ்சினே கொஞ்சம் வலுவைச் செலவழிக்க வேண்டும் என்றாலும் மிச்சம் லாபம்தான். காற்று உள்ளே நின்றால்.

பட்டறையிலிருந்து மூன்று கேம்கள் கொண்டுபோனேன். மூன்றும் புகை வால்வுக்கானவை. அடையாளத்துக்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று குத்தியிருந்தேன். ஒரு புள்ளி எஞ்சினோடு வந்த அளவு. இரண்டு புள்ளி வால்வை அதிக நேரம் திறந்து வைப்பது. மூன்று புள்ளி சீக்கிரம் மூடிவிடுவது. நான் இரண்டு புள்ளியை எடுத்தேன். அதிகக் காற்று எரிந்தால் அதிகப் புகை வரும், அது போவதற்குக் கதவு அதிக நேரம் திறந்திருக்கட்டும் என்பது என் காரணம். முதலாளிக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. கேட்க நன்றாக இருக்கும் காரணத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

மில்லின் எஞ்சின் ஓட்டுநர் சாமுவேலுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். தெள்ளார்ப் பக்கத்து ஊர்க்காரர். அவர் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். பட்டறையில் நான்கு ஆண்டு படித்து, மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் அவர்தான். எஞ்சினைப் பற்றி என்னிடம் அதிகம் பேச மாட்டார். வேண்டியதை மட்டும் சொல்வார். கேமை மாட்டும்போது கேட்டார்: "இது எந்நேரமும் வாயத் தொறந்துகினே இருக்கும் போலக்கீதே?"

"அதுக்குத்தாண்ணா இது."

"சரி."

பிறகு எஞ்சினை ஓட்டுவதற்கான தொடக்க அளவுகளை வைத்தேன். தகரக் குழாயில் ஒரு தள்ளு தகடு வைத்திருந்தோம், விசிறிக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும். அதை முழுதாகத் திறந்தேன். எண்ணெய்ப் பம்பை ஒரு திருகு கூட்டினேன். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது. அதிகக் காற்றை அழுத்தினால் எண்ணெய் முன்கூட்டியே பற்றிக்கொண்டு உள்ளே 'டங் டங்' என்று தட்டும் என்று புத்தகத்தில் இருந்தது. ஒரு தட்டலும் இல்லை. அளவுகள் சரி என்று எழுதிக்கொண்டேன். தட்டல் ஏன் இல்லை என்று கேட்டிருக்க வேண்டும். முழுக் காற்றையும் அழுத்தியும் எஞ்சின் ஒன்றும் சொல்லவில்லை என்றால், அந்தக் காற்று அதனிடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். இது இப்போது எனக்குத் தெரிகிறது.

ஒரு ஹல்லரை மாட்டினோம். இழுத்தது. இரண்டாவது பெல்ட்டைத் தள்ளியதும் பெரிய சக்கரம் மூச்சு வாங்கியது, வேகம் இறங்கியது, நின்றது. மூன்று நாள் இதேதான். விசிறி இல்லாதபோது இழுத்ததைவிடக் குறைவாகவே இழுத்தது. சந்தவாசல் பக்கத்திலிருந்து வந்த நெல் வண்டிகள் மில்லுக்கு வெளியே வரிசையாக நின்றன. மாடுகள் அங்கேயே வைக்கோல் தின்றன.

மூன்றாம் நாள் முதலாளி, "காரணம் இன்னான்னு எழுதிக் குடும்மா" என்றார்.

எழுதினேன். பட்டியல் போடுவது எனக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏழு காரணங்கள். முதலாவது, ஓட்டுநர் தொடங்குமுன் எண்ணெய் பற்றி எரியும் இரும்புக் குடுவையை விளக்கால் போதிய அளவு சூடாக்காமல் இருக்கலாம். இரண்டாவது, எண்ணெயில் தண்ணீர் இருக்கலாம். பெல்ட் தளர்வு, விசிறி ஒழுகல், நெல்லின் ஈரம், பம்பின் தேய்மானம் என்று போய், ஏழாவதாக, கேம் பொருந்தாமல் இருக்கலாம் என்று முடித்தேன். எதைச் சோதிப்பது சுலபமோ அதை முதலில் எழுதியதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓட்டுநரைச் சோதிப்பது எப்போதும் சுலபம்தான்.

முதலாளி அலுவலக அறையில் கணக்கர்கள் எல்லோர் எதிரிலும், மகாராணி படத்துக்குக் கீழே நின்று அதைப் படித்தார். முதல் வரியோடு காகிதத்தை மடித்துவிட்டார்.

"நா அப்பவே நெனச்சேன்" என்றார். "எவன் கையில குத்தமோ அவன் இந்த மில்லுல இருக்கக் கூடாது. வெள்ளிக்கெழம வரிக்கும் ஓட்டட்டும். மெட்ராசுலேருந்து வேற ஆள வரவழைக்கிறேன்."

நான் மற்ற ஆறையும் படிக்கச் சொன்னேன். "படிக்கிறேன், படிக்கிறேன்" என்றார். அன்று புதன்கிழமை.

சாமுவேலிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொடர்ந்து துடைத்தார். "தெள்ளார்ல எங்க நெலக்காரரு சந்தோசப்படுவாரு" என்றார். "நாலு வருசமா கேட்டுகினு இருக்கிறாரு, எப்ப திரும்ப வரப்போறன்னு."

மறுநாள் காலையில் நெல் இல்லாமல் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். தினமும் பத்து மணிக்கு முன் அப்படி ஓட்டிப் பார்ப்பதுண்டு. உமி பறக்காதவரை தெருவார் அதற்குத் தடை சொல்வதில்லை. ஏழெட்டு முறை ஓட்டி நிறுத்தியிருப்போம். தெருவில் பாவு நீட்டியிருந்த எத்திராஜ் என்ற நெசவாளி எஞ்சின் அறை வாசலில் வந்து நின்றார்.

"உங்க மிசினுக்குச் சளி புடிச்சிக்கீதா?" என்றார்.

சாமுவேல் திரும்பாமல், "இன்னா நைனா, காலங்காத்தால" என்றார்.

"கேக்கறேன் சாமி. உங்க புகக் கொழா எங்க தெருவப் பாத்துத்தானே கீது. இத்தினி மாசமா அதுக்கு எதிர்லதான் பாவு போடறேன். நிறுத்தும்போது, சக்கரம் அடங்கறதுக்குள்ள, பாவு எழ ஒரு வாட்டி ஆடும். அப்பறம் கொஞ்சம் நின்னு, ஒரு வாட்டி ஆடும். அது பழக்கமாய்ட்ச்சி. இப்ப நாலு நாளா ரெண்டு ரெண்டா ஆடுது. ஒரு ஊது ஊதுது, ஒடனே இன்னோர் ஊது. ஒரே பேஜாரா கீது. எழ சிக்கிக்கும்."

"ரெண்டாவது ஊதுல சூடு இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கைய வெச்சிப் பாத்தேம்மா. பச்சக் காத்து. நல்லா சில்லுனு கீது. வெயில் காலமா இருந்தா நானே வந்து ஒக்காந்துக்குவேன்."

அவரிடம் ஒரு பட்டு இழை கேட்டேன். முழ நீளம் கிள்ளிக் கொடுத்தார். எண்ணெயை அடைத்துவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றி, சாக்கட்டியால் குறி போட்ட இடத்தில் நிறுத்தினோம். பிஸ்டன் புகையைத் தள்ளி முடித்து, காற்றை உறிஞ்சத் தொடங்கும் இடம் அது. விசிறியின் பெல்ட்டைக் கழற்றி, இரண்டு ஆட்களை விட்டு அதைக் கையால் சுற்றச் சொன்னேன். புகைக்குழாயின் வாயில் இழையைத் தொங்கவிட்டேன்.

புகை வால்வு மூடியிருந்தால் இழை நேராகத் தொங்க வேண்டும். அது தெருப்பக்கமாகப் படுக்கையாக நின்றது.

காற்று வால்வும் திறந்திருந்தது, புகை வால்வும் திறந்திருந்தது. சாதாரண எஞ்சினில் இரண்டும் ஒரு கணம் சேர்ந்து திறந்திருப்பது நல்லதுதான். வெளியே போகும் புகை புதுக்காற்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு வரும். ஆனால் விசிறி வைத்து ஊதும்போது காற்றை யாரும் இழுக்க வேண்டியதில்லை. அது ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் போய்விடுகிறது. நான் எடுத்த இரண்டு புள்ளிக் கேம் அந்த மறு கதவை நீண்ட நேரம் திறந்துவைத்திருந்தது. நான்கு நாளாக நாங்கள் எண்ணெய் எரித்து, எத்திராஜின் பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தோம்.

எனக்கு உடனே புரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அரைமணி ஆனது. அதற்குள் கேமைக் கழற்றி, தடவிப் பார்த்து, துடைத்து, மறுபடி அளந்தேன். அளவு வரைந்தபடியே இருந்தது. அராவியவர்மேல் குற்றமில்லை.

"மூணு புள்ளிய மாட்டிட்லாமா?" என்றார் சாமுவேல். அவருக்கும் புரிந்திருந்தது.

"மாட்டலாம்."

"மாட்டினா இஸ்துடும். நீங்க கம்முனு இருங்க. அளவு மாத்தினேன், ஓடிச்சின்னு சொல்லிடுங்க. உங்க பேர் ஏன் கெடணும்?"

"அப்ப உங்க வேல?"

"அது எஞ்சின் சமாச்சாரம் இல்லியே" என்றார்.

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரு நிலவரத்தைச் சொன்னார். எஞ்சின் ஓடினாலும் முதலாளியின் மனத்தில் முதல் வரி அப்படியே இருக்கும். மெட்ராஸ் ஆள் வருவார், ஓடுகிற எஞ்சினைத் தொடுவார், அவர் கைராசி என்று சொல்வார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். கேமை மாற்றுவதற்கு முன்பே முதலாளியிடம் போனேன். எஞ்சின் ஓடிய பிறகு போயிருந்தால், நல்ல மனது, விட்டுக்கொடுத்துப் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார். ஓடாத எஞ்சினை வைத்துக்கொண்டு, இது என் தவறு, இதை மாற்றினால் இழுக்கும் என்று சொன்னால்தான் அதைச் சரிபார்க்க முடியும்.

கேமைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். மேசைமேல் வைத்தேன். எண்ணெய்க் கறை படிந்தது.

"இன்னாம்மா இது?"

"எஞ்சின் இழுக்காததுக்குக் காரணம் இதுங்க. நான் எடுத்தது. சாமுவேல் கையில தப்பில்ல."

"நீதானே எழுதின, அவன் சரியாச் சூடு ஏத்தலன்னு?"

"எழுதினேன். தப்பா எழுதினேன்."

"அப்ப யார் தப்பு?"

"என் தப்பு."

அவர் கேமைத் தூக்கி எடை பார்த்தார். ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இரும்பு. "இத்தனூண்டா?" என்றார். பிறகு, "சரி. மாட்டு. இன்னிக்கே ரெண்டும் ஓடணும். ஓடலன்னா ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றார்.

மூன்று புள்ளிக் கேமை மாட்டினோம். இந்த முறை தொடக்க அளவுகளை எல்லாப் பக்கமும் குறைவாக வைத்தேன். காற்றுத் தகடு கால்வாசி. எண்ணெய் பழைய அளவுக்கும் ஒரு திருகு கீழே. பம்பு கொஞ்சம் தாமதமாக. குளிரவைக்கும் தண்ணீர்க் குழாய் முழுதாக. எஞ்சின் ஓடியது, ஆனால் உற்சாகமில்லாமல். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு நாளா இதவிட நல்லா ஓடிச்சேம்மா."

"ஆமாங்க" என்றேன். அது உண்மைதான்.

குறைந்த அளவில் தொடங்கினால் உங்களைக் கேலி செய்வார்கள். கேலியால் எஞ்சின் வெடிப்பதில்லை.

பத்து மணிக்கு மேல் முதல் ஹல்லரில் நெல் விழுந்தது. அளவுகளை ஒவ்வொன்றாக ஏற்றினோம். தகட்டைக் கொஞ்சம் திறப்பது, எண்ணெயைக் கொஞ்சம் கூட்டுவது, நூறு சுற்று காத்திருந்து கேட்பது, பிறகு அடுத்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றவில்லை. தகடு பாதியைத் தொட்டபோது சாமுவேல் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். இரண்டாவது பெல்ட்டைத் தள்ளினார்.

சக்கரம் ஒரு முறை தயங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. இரண்டு ஹல்லரிலும் அரிசி இறங்கியது. வண்டிக்காரர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்கள். மாடுகள் சத்தத்துக்கு மிரண்டன.

முதலாளி எழுந்து வந்தார். "பாதி தொறந்ததுக்கே இப்டி இஸ்துதே. முழுசும் தொற."

"வேணாங்க" என்றேன்.

"நாப்பது வண்டி நிக்குது. தொறப்பா."

தகடு சாமுவேலின் கையில் இருந்தது. இரண்டு விரல் அளவு திறந்தார். எஞ்சினுக்குள் தட்டல் கேட்டது. அம்மிக்கல்லைக் கொத்துவது போல, ஒழுங்காக, கெட்டியாக. முந்தைய நான்கு நாளில் கேட்காத சத்தம். இப்போது காற்று உள்ளேயே நிற்கிறது, எண்ணெய் முன்கூட்டியே பற்றிக்கொள்கிறது. எரியும் குடுவையின் நிறம் மங்கல் சிவப்பிலிருந்து ஏறத் தொடங்கியது. அது வார்ப்பிரும்பு. விரிசல் விட்டால் அதன் எதிரில் நிற்பவர் சாமுவேல்.

"ஜல்தி, ஜல்தி. ஏன் நிறுத்திட்ட?" என்றார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் சாமுவேல் தகட்டைப் பாதிக்கும் கீழே தள்ளிவிட்டார். அவரை வேலையில் வைத்திருக்கும் ஒரே ஆள் எதிரில் நின்று, திற என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"மொதலாளி" என்றார், எஞ்சினைப் பார்த்தபடியே. "இதுக்கு மேல தொறந்தா இன்னிக்கு நாப்பது வண்டியும் போய்டும். நாளிக்கு எஞ்சின் இருக்காதுங்க. பாதியிலயே ரெண்டு ஹல்லரும் ஓடுதே. அதுதானே கேட்டீங்க?"

தட்டல் குறைந்து நின்றது. ஹல்லர்கள் நிற்கவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முட்டாள் இல்லை. நின்றுபோன சத்தமும் ஓடுகிற சத்தமும் அவருக்கும் தெரிந்தன. நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பிற்பகலில் என்னைக் கூப்பிட்டார்.

"அவன் இருக்கட்டும்" என்றார். "மெட்ராசுக்கு வேணாம்னு எழுதிட்டேன்."

"சரிங்க."

"எவன் கையில குத்தமோ அவன் இந்த மில்லுல இருக்கக் கூடாதுன்னு சொல்லி இருந்தேன். நாலு பேர் எதிர்ல சொன்னது. நீயே வந்து உன் தப்புன்னும் சொல்லிட்ட." கொஞ்சம் சங்கடப்பட்டார். "வேற யாராவது வந்து அளவு பாக்கட்டும்மா. பட்டறைக்கும் சொல்லி அனுப்பறேன்."

அவர் சொன்னதில் எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. விதி அவருடையது, வாக்குமூலம் என்னுடையது. அப்போது பட்டறைக்கு வெளியே எஞ்சின் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஆகவே எனக்கு எஞ்சின் வேலை அங்கேயே முடிந்தது. அடுத்த மாதம் பள்ளியில் சேர்ந்தேன்.

நீங்கள் இதை மூன்று விதமாகத் தவறாகப் படிக்க வாய்ப்பு உண்டு. தவறை ஒப்புக்கொள்ளாமல் இருந்தால் என் வேலை தப்பித்திருக்கும் என்று ஒருவர் நினைக்கலாம். உண்மைதான், தப்பித்திருக்கும். சாமுவேலின் வேலை போய் மிஞ்சும் அது எந்த மாதிரி வேலை என்று யோசியுங்கள். ஊதுகாற்று எஞ்சின் ஆபத்தானது, வேண்டாம் என்று இன்னொருவர் நினைக்கலாம். ஆபத்தில்லை. கதவைச் சீக்கிரம் மூடும் கேமை எடுங்கள், எல்லா அளவையும் கீழேயிருந்து தொடங்குங்கள், தட்டல் கேட்ட இடத்துக்கு முன்னால் நில்லுங்கள். பட்டியலே எழுதக் கூடாது என்று மூன்றாமவர் நினைக்கலாம். எழுதுங்கள். உங்கள் கை பட்டதை முதலில் எழுதுங்கள்.

அன்று கிளம்பும்போது எஞ்சின் அறைக்குப் போய், அளவுகள் எழுதிய காகிதத்தைச் சாமுவேலிடம் கொடுத்தேன். எண்ணெய்க் கறுப்பு ஏறிய கையால் வாங்காமல், சுவரில் ஆணி இருந்த இடத்தைக் காட்டினார். மாட்டினேன். அங்கிருந்தே படித்துப் பார்த்தார்.

"தண்ணிக் கொழா முழுசாத்தானே?" என்றார்.

"முழுசா."

"சரி."

இரண்டு ஹல்லரும் ஓடிக்கொண்டிருந்தன. ஓடுகிற எஞ்சினை விட்டு ஓட்டுநர் நகரக் கூடாது. அதனால் அவர் வாசல்வரை வரவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.